மௌத்பீஸ் இல்லாத கார்னெட்

கிள்ளான்,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பி ரோனிக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு, பங்கு மண்டபத்தின் பின்னறையில், நம் புனித செசிலியா பேண்டின் அறுபத்திரண்டு ஆண்டு வரலாற்றிலேயே மிக முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. நசுங்கிப்போன கார்னெட்டுக்குப் பதிலாக இன்னொரு கார்னெட்டே வாங்குவது, ட்ரம்பெட் வாங்குவதில்லை. விவாதம் இரண்டு மணி நாற்பது நிமிடம் நீடித்தது. இருபத்து நான்கு கறிபாப்புகள் தீர்ந்தன. ஒருவர் வெளிநடப்புச் செய்தார். வெளியே மழை பெய்ததால் திரும்பி வந்து ஆதரவாக வாக்களித்தார்.

தலைவர் சவரிமுத்து அங்கிளின் பேச்சுதான் திருப்புமுனை. "ட்ரம்பெட் கல்யாணத்துக்கு, கார்னெட் சாவுக்கு லா. பெரிய வெள்ளி பவனியில ட்ரம்பெட் ஊதினா ஆண்டவரே திடுக்கிட்டு எழுந்துடுவாரு. மூணாம் நாள் வரைக்கும் எல்லாம் காத்திருக்க மாட்டாரு" என்றார். இதற்கு மறுப்பு எழவில்லை.

பழைய கார்னெட் உன் லோரியில், இருக்கைக்குப் பின்னால், பெட்டியோடு தட்டையானதற்குத் தீர்மானப் புத்தகத்தில் காரணம் எழுத வேண்டியிருந்தது. 'சாலை விபத்து' என்று எழுதினேன். மோட்டார் சைக்கிளில் வந்து இறந்துபோன கார்த்திகேசுவின் பெயரை எழுதவில்லை. அது பேண்டின் புத்தகம்.

இரண்டாவது தீர்மானம் உன்னைப்பற்றியது. குறுக்கே நாய் ஓடி வந்ததை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதால் ஐந்து வருடம் போக வேண்டிய நீ ஒரு வருடத்தோடு தப்பினாய். நன்னடத்தைக் கழிவு போக மார்ச் நடுவில் வெளியே வருவாய் என்கிறார் வக்கீல். பெரிய வெள்ளி ஏப்ரல் 18. அதுவரை முதல் கார்னெட் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை என்று ஏகமனதாக முடிவாகியிருக்கிறது. நாற்காலியின் மேல் ஒரு துண்டு போட்டிருக்கிறோம்.

புதிய கார்னெட் வாங்க வழியில்லை. பழையதுதான் பார்க்க வேண்டும். நான் முப்பது வருடமாக சிம்பல் தட்டுகிறவன். ஊதுகிற கருவிகளைப்பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவை எனக்கு முன்வரிசையில் இருக்கும் என்பதுதான். நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விவரமாக எழுது. பார்க்க வர வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டதால் கடிதத்தில்தான் எல்லாம்.

உன் அண்ணி டொரத்தி சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. ஸ்டீயரிங்கில் அடிபட்ட உன் வாய் ஆறிவிட்டதா? பொய்ப்பல் கட்டிவிட்டார்களா? உனக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறோம்.

உன் அண்ணன்,
கிரிகரி


சிறை,
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். மாதம் ஒன்றுதான் எழுதலாம், அதையும் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பளபளப்பைப் பார்த்து மயங்காதே. புதிதாகப் பூச்சுப் பூசிய பழைய கார்னெட் எதையோ மறைக்கிறது. வாய் வைத்து ஊதும் மௌத்பீஸைச் செருகும் இடத்திலிருந்து போகும் முதல் குழாயை வெயிலில் பிடித்துப் பார். இளஞ்சிவப்பாகப் புள்ளிகள் இருந்தால் பித்தளை உள்ளிருந்து அரித்துப்போயிருக்கிறது. அதை வைத்துவிட்டு வந்துவிடு.

மூன்று வால்வுகளிலும் எண் பொறித்திருக்கும். மூன்றும் ஒரே வரிசையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறொரு கார்னெட்டின் உறுப்பைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் வால்வின் சின்னக் குழாயை, வால்வை அழுத்தாமல், சட்டென்று வெளியே இழு. போத்தல் மூடி திறப்பதுபோல் 'பொப்' என்று கேட்டால் காற்று கசியவில்லை. கேட்காவிட்டால் அந்தக் கார்னெட்டை ஊதுகிறவன் பாதி மூச்சை வீணாக்குவான்.

நசுங்கல் இருந்தால் பரவாயில்லை. நசுங்கலை நிமிர்த்தலாம்.

மௌத்பீஸைப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

வாயைப்பற்றிக் கேட்டிருந்தாய். சாப்பிட முடிகிறது. கார்த்திகேசுவின் வீட்டம்மா எப்படி இருக்கிறார்?

அண்ணிக்கு என் அன்பு.

ரோனி


கிள்ளான்,
29 செப்டம்பர் 2024

அன்புள்ள ரோனிக்கு,

இயேசுவின் இரக்கத்தால் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். முழங்கால் தவிர.

உன் கடிதத்தை நகலெடுத்துக் கமிட்டியில் வாசித்தேன். 'எதையோ மறைக்கிறது' என்ற இடத்தில் சவரிமுத்து அங்கிள் தலையாட்டி, "தம்பி உள்ள போய் நல்லா எழுதறான்" என்றார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் கார்னெட் இருப்பதாகக் கேள்விப்பட்டு ரயிலேறினேன். கூட வந்தவள் புனிதா. டயாலிசிஸ் நிலையத்தில் தாதி. பள்ளிக்கூட பேண்டில் ட்ரம்பெட் ஊதியவள். கடைக்காரர் கார்னெட்டை வெல்வெட் துணியில் வைத்துக் கொண்டுவந்தார். முகம் பார்த்துச் சீவிக்கொள்ளலாம்.

"பாஸ், இது லண்டன் சாமான் லா. இந்த மாதிரி இனிமே கிடைக்காது."

"பூச்சு புதுசா இருக்கே?"

"உங்களுக்காகத்தான் பாஸ் பூசினோம்."

"நாங்க வரோம்னு எப்படித் தெரியும்?"

"யாராவது வருவாங்கல்ல."

நீ சொன்னபடி சின்னக் குழாயை இழுத்தேன். சத்தமே இல்லை. மெதுவாக ஒரு பெருமூச்சு வந்தது, அது கடைக்காரருடையது. வால்வு எண்களைப் பார்த்தோம். இரண்டு ஒரு குடும்பம், மூன்றாவது தத்துப்பிள்ளை. வெளியே வந்து தோசை சாப்பிட்டோம். தோசை நன்றாக இருந்தது.

கார்த்திகேசுவின் மனைவி நல்லம்மாளைப்பற்றிக் கேட்டிருந்தாய். பண்டமாரானில் அதே வீட்டில்தான் இருக்கிறார். அழுகை குறைந்துவிட்டது. காரியத்தில் இறங்கிவிட்டார். விபத்து நடந்த அந்தச் சாலைச் சந்திப்பில் தெரு நாய்களின் தொல்லை என்று நூற்று எண்பது கையெழுத்து வாங்கி நகராண்மைக் கழகத்துக்கு மனுக் கொடுத்தார். தீர்ப்பின் நகலையும் இணைத்தார். 'நாய் குறுக்கே வந்தது' என்ற வரியை மஞ்சள் பேனாவால் அடிக்கோடிட்டிருந்தாராம். அதிகாரிகள் மனுக்களைப் படிப்பதில்லை என்பவர்கள் வெட்கப்பட வேண்டும்: மூன்றே வாரத்தில் லோரி வந்து முப்பத்தொரு நாய்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

டொரத்தி உனக்குக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். அங்கே அனுமதிப்பார்களா என்று கேட்டு எழுது.

அண்ணன்,
கிரிகரி


சிறை,
27 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். காலுறையை அனுமதிப்பதில்லை. அண்ணிக்கு நன்றி சொல்.

பிரிக்பீல்ட்ஸ் கார்னெட்டை விட்டுவிட்டு வந்தது சரி. அவசரப்படாதே.

பிடித்துக்கொண்டு போன நாய்களை எங்கே வைத்திருக்கிறார்கள்? யாராவது வந்து கேட்டால் திருப்பித் தருவார்களா?

ரோனி


கிள்ளான்,
24 நவம்பர் 2024

அன்புள்ள ரோனிக்கு,

புனித செசிலியா திருநாள் சிறப்பாக நடந்தது. பெரிய வெள்ளிக்கு வாசிக்கும் அந்தப் பழைய துக்கப் பாட்டை முதல் கார்னெட் இல்லாமல் வாசித்தோம். மூன்றாம் வரியில் உச்ச சுரம் வரும் இடத்தில் எல்லோரும் மௌனமாக நான்கு அடி எண்ணிவிட்டுத் தொடர்ந்தார்கள். சபையில் பலர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

நீ கேட்டதை விசாரித்தேன். திருப்பித் தருவதில்லை. ஊசி. அன்றே.

நல்ல செய்தி ஒன்று. அம்பாங்கில் திருச்செல்வம் என்று ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. அவருடைய காலஞ்சென்ற அண்ணனின் கார்னெட். பூச்சு அங்கங்கே உதிர்ந்திருக்கிறது. அகன்ற முன்வாயின் ஓரத்தில் ஒரு நசுங்கல். முதல் குழாயை வாசலில் வெயிலில் பிடித்தேன், புள்ளி இல்லை. வால்வு எண்கள் மூன்றும் ஒரு தாய் மக்கள். சின்னக் குழாயை இழுத்தேன். வந்த சத்தத்தில் அவர் வீட்டுப் பூனை மதிலேறி ஓடிவிட்டது. தம்பி, சத்தம் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஊதிப் பார்க்கலாம் என்று புனிதா கையை நீட்டினாள். மௌத்பீஸ் இல்லை.

"மௌத்பீஸ் எங்க அங்கிள்?"

"அது அண்ணன்கிட்ட இருக்கும்மா."

"அண்ணன் தவறிட்டாருன்னு சொன்னீங்க?"

"ஆமா. சட்டைப் பையில வெச்சு அனுப்பிட்டோம். கடைசி நாள்ல அதையே கேட்டுட்டு இருந்தாரு, அதான்."

புனிதா தன் ட்ரம்பெட் மௌத்பீஸைச் செருகினாள். அதன் தண்டு தடிப்பம். பாதிக்குமேல் போகவில்லை, ஆடியது. கார்னெட் மௌத்பீஸின் தண்டு மெலிது என்று நீதான் எழுதியிருக்க வேண்டும். பரவாயில்லை. கார்னெட்டை வாங்கிவிட்டோம். பெட்டியில் படுக்க வைத்துக் கிள்ளானுக்குக் கொண்டு வந்தோம்.

கடைகளில் விசாரித்தேன். கார்னெட் மௌத்பீஸுக்கு வெளிநாட்டுக்கு எழுதிப் போட வேண்டும், வந்து சேர நான்கு மாதம் ஆகலாம் என்கிறார்கள். சவரிமுத்து அங்கிள், "ரோனியோடது இருக்கே லா. வெள்ளி மௌத்பீஸ், எப்பவும் பாக்கெட்டுலயே வெச்சிருப்பானே" என்று நினைவுபடுத்தினார். விபத்தன்று அது உன்னிடம்தானே இருந்தது? காவல் நிலையத்தில் திருப்பித் தந்த பொருட்களில் இல்லை. எங்கே என்று ஒரு வரி எழுது. மார்ச்சில் நீ வந்ததும் உன் சொந்த மௌத்பீஸிலேயே ஊதலாம்.

அன்புடன்,
கிரிகரி


சிறை,
15 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு, அண்ணிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

மௌத்பீஸ் தொலைந்துவிட்டது. தேட வேண்டாம். வெளிநாட்டுக்கே எழுதிப் போடுங்கள்.

தேட வேண்டாம்.

ரோனி


கிள்ளான்,
12 ஜனவரி 2025

அன்புள்ள ரோனிக்கு,

புத்தாண்டின் முதல் கடிதம் நல்ல உடல்நிலையில் உன்னைச் சந்திக்கட்டும்.

நீ தேட வேண்டாம் என்று எழுதியது எங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தால் என்று கமிட்டி முடிவு செய்தது. ஆகவே தேடினேன்.

தெலுக் பங்லிமா காராங்கில் உன் முதலாளியின் லோரி நிறுத்துமிடத்துக்குப் போனேன். உன் லோரி இன்னும் ஒரு மூலையில் நிற்கிறது. முன்பக்கத்தில் புல் முளைத்திருக்கிறது. முதலாளி அன்பானவர். கிளட்ச் மிதியின் அடியில் கிடந்ததையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளி வைத்திருந்தார். "யாரும் வரலயே அண்ணே, தூக்கிப் போடவும் மனசு வரல" என்றார். பையில் இருந்தவை:

செருப்பு, இடது, ஒன்று.
ஜெபமாலை, அறுந்தது.
டோல் கார்டு.
மௌத்பீஸ், வெள்ளி. விளிம்பில் ஒரு வெட்டு. தண்டு நேராக இருக்கிறது.
பல், ஒன்றரை.

பல் பையின் அடியில் கிடக்கவில்லை. மௌத்பீஸின் கிண்ணத்துக்குள் பதிந்திருந்தது. ஊசியால் எடுக்க வேண்டியிருந்தது. டொரத்தியின் மாத்திரை டப்பா ஒன்றில் வைத்திருக்கிறேன். இதைப்பற்றி மேலும் எழுத இது இடமல்ல.

மௌத்பீஸைச் சுடுநீரில் கழுவி மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். கார்னெட்டில் அளவெடுத்ததுபோல் பொருந்தியது. புனிதா ஊதினாள். வெட்டு மேலுதட்டில் படாதபடி கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டாள். அந்தத் துக்கப் பாட்டு, மூன்றாம் வரி. இப்படியொரு ஒலியை நம் மண்டபத்தில் பல வருடமாகக் கேட்டதில்லை என்று எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. கையில் சிம்பல் இருந்தது.

கமிட்டியிடம் மௌத்பீஸ் கிடைத்ததாக மட்டும் அறிவித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
கிரிகரி


கிள்ளான்,
23 பிப்ரவரி 2025

அன்புள்ள ரோனிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறோம். ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபாலில் தாமதம் என்று டொரத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

நல்லம்மாள் இப்போது அந்த வட்டாரக் குடியிருப்பாளர் சங்கத்தின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவி. இந்த மாதம் மேலும் பதினைந்து நாய்கள்.

மார்ச் 15, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு சவரிமுத்து அங்கிளின் வேனில் வாசலுக்கு வருகிறோம். கார்னெட்டையும் கொண்டு வருகிறேன். மௌத்பீஸையும் கொண்டு வருவதா என்று நீயே சொல்.

கிரிகரி


பெட்டாலிங் ஜெயா,
23 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சனிக்கிழமை வாசலில் வந்து நின்றிருப்பாய். சனிக்கிழமையில் வரும் விடுதலையை வெள்ளியன்றே கொடுத்துவிட்டார்கள். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள். இங்கே ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். மேலே அறை இருக்கிறது. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். இப்போது யாரும் படித்துவிட்டு அனுப்பாத கடிதம் எழுத முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

நாய் இல்லை.

போன வருடம் பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு. அந்த மூன்றாம் வரி எனக்கு ஒரு வாரமாக உடைந்துகொண்டே இருந்தது. கார்னெட் பின்னால் பெட்டியில். மௌத்பீஸை மட்டும் எடுத்து, இடது கையில் பிடித்து, உதட்டில் வைத்து ஊதிக்கொண்டே ஓட்டினேன். இது எல்லா ஊதுகிறவனும் செய்வதுதான். பஸ்ஸில் செய்வான், கழிப்பறையில் செய்வான். நான் லோரியில் செய்தேன், பத்து வருடமாக. அந்த உச்ச சுரத்தை நான் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஊதுவேன். நீ பின்வரிசையில் இருப்பதால் கவனித்திருக்க மாட்டாய்.

சுரம் சரியாக வந்தது. கண்ணைத் திறந்தபோது அவர் லோரிக்கு முன்னால் இருந்தார். பிரேக்கை மிதித்தேன். ஸ்டீயரிங் என் மௌத்பீஸை வாய்க்குள் தள்ளியது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டார்: "ஏதாவது குறுக்கே வந்துச்சா? ஆடு மாடு? நாயா?" எனக்குப் பேச வரவில்லை. வாய் நிறையப் பஞ்சு. கடைசியில் கேட்டதற்குத் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அதற்குப் பிறகு வக்கீல் அந்த நாயை எடுத்துக்கொண்டார். நீதிமன்றத்துக்குப் போகும்போது அதற்கு நிறம் வந்துவிட்டது. பழுப்பு. ஆமாம் என்று அங்கேயும் சொன்னேன். ஐந்து வருடம், ஒரு வருடம் என்று கணக்குச் சொன்னார்கள். பயந்துவிட்டேன்.

நான் இனி ஊத மாட்டேன், அண்ணே. முன்பல் நான்கும் இல்லை. பொய்ப்பல்லில் மௌத்பீஸை அழுத்தினால் கழன்று நாக்கில் விழுகிறது. மேலுதட்டில் உணர்ச்சி கிடையாது. சூடான கோப்பி வழிந்தாலும் சட்டை நனைந்த பிறகுதான் தெரிகிறது. ஆகஸ்டிலேயே எழுதியிருக்க வேண்டும். நாற்காலியில் துண்டு போட்டிருக்கிறோம் என்று நீ எழுதியிருந்தாய். எழுத முடியவில்லை. துண்டை எடுத்துவிடு. நாற்காலியைப் புனிதாவுக்குக் கொடு.

ஒரே ஒரு வேலை. நல்லம்மாளிடம் நீ போய்ச் சொல். நான் போனால் கதவைத் திறக்க மாட்டார். திறந்தால் அதைவிட மோசம். அவர் என்ன செய்தாலும் சரி, போலீசுக்குப் போனாலும் சரி, என் விலாசம் உறையின் மேல் இருக்கிறது. ஆனால் நாய் பிடிப்பதை நிறுத்தச் சொல். முப்பத்தொன்றும் பதினைந்தும் நாற்பத்தாறு. உள்ளே இருக்கும்போது வேறு எதையும் எண்ணவில்லை.

பல்லைத் தூக்கிப் போட்டுவிடு.

ரோனி


கிள்ளான்,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள ரோனிக்கு,

உயிர்ப்புப் பெருவிழா முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? டொரத்தி காலுறையை இத்துடன் அனுப்பியிருக்கிறாள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு நல்லம்மாள் வீட்டுக்குப் போனேன். பெரிய வெள்ளிக்கு முந்தின சனிக்கிழமை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மைலோ கலக்கிக் கொடுத்தார். சுவரில் கார்த்திகேசுவின் படத்துக்குப் பக்கத்தில் நகராண்மைக் கழகம் கொடுத்த பாராட்டுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். இரண்டுக்கும் ஒரே மாலை.

"உங்க தம்பி வெளிய வந்துட்டாராமே அண்ணே? நல்லா இருக்காரா?"

"இருக்கான்."

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. ஆரம்பத்துல சாபம் விட்டேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் கோர்ட்டுல நாய்னு சொன்னதும் மனசு அடங்கிடுச்சு. ஒரு காரணம் வேணும்ல அண்ணே? காரணமே இல்லாம ஒரு மனுஷன் காலைல டிபன் எடுத்துட்டுப் போயி சாவானா?"

"அம்மா, அந்த நாய் விஷயமா..."

"அதை நெனச்சுத்தான் தூங்கி எழுந்திரிக்கறேன். இல்லன்னா எழுந்திரிக்கவே மாட்டேன். பிஸ்கட் எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டேன். இரண்டாவது மைலோவையும் குடித்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். வீட்டுக்கு வந்து டொரத்தியிடம், சொல்லிவிட்டேன் என்றேன். உனக்கு அப்படி எழுத முடியவில்லை.

வேறு வழியில் முயன்றேன். கமிட்டியில் நான்காவது பொருளாக, 'சாலைச் சந்திப்பு நாய்கள் குறித்து நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம்' என்று சேர்த்தேன். சவரிமுத்து அங்கிள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "செயலாளரே, பேண்டுக்கும் நாய்க்கும் என்ன லா சம்பந்தம்?" என்று கேட்டார். தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டேன். பொருள் அடுத்த வருடப் பொதுக்கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

நாற்காலியிலிருந்து துண்டை நானே எடுத்தேன். 'ரோனிக்கு உடல்நலமில்லை' என்று பதிந்திருக்கிறேன்.

பவனியில் புனிதா ஊதினாள். கூட்டம் பாலத்தருகே திரும்பும்போது மூன்றாம் வரி வந்தது. இந்த முறை நான் பின்வரிசையிலிருந்து விலகி, ஓரமாக நடந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஊதுகிறாள். வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவள். மௌத்பீஸை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், மண்டபத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போ என்று சொன்னேன். ஏன் அங்கிள் என்றாள். அது பேண்டின் சொத்து என்றேன்.

பல்லைத் தூக்கிப் போடவில்லை. மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை அந்தச் சந்திப்பில் மேலும் ஆறு நாய்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மொத்தம் ஐம்பத்திரண்டு.

அண்ணன்,
கிரிகரி